சுரப்பிகளும் ஹார்மோன்களும்: உடலுக்குள் ஓடும் அறிவிப்புகள்

நமது உடலில் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்குச் செய்தி சொல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நரம்பு. சூடான பாத்திரத்தில் கை பட்டதும் சட்டென்று இழுத்துக்கொள்கிறோமே, அது நரம்பின் வேலை. மற்றொன்று, இரத்தத்தில் கலந்து செல்லும் இரசாயனச் செய்தி. அதற்குத்தான் ஹார்மோன் என்று பெயர். பிள்ளை வளர்வது, பருவம் அடைவது, தாய்க்குப் பால் சுரப்பது, உண்ட உணவு சக்தியாக மாறுவது போன்றவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன.

உடலில் உள்ள சுரப்பிகள் இரு வகைப்படும். உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றைத் தரும் சுரப்பிகளுக்குக் குழாய் உண்டு. தாம் சுரப்பதை அந்தக் குழாய் வழியாக உரிய இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. இவை நாளமுள்ள சுரப்பிகள். மற்றவற்றுக்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். பிட்யூட்டரி, தைராய்டு, பாராதைராய்டு, அட்ரினல், பெண்களின் சினைப்பை, ஆண்களின் விதைப்பை ஆகியவை இந்த வகை. கணையம் மட்டும் இரண்டு வேலையும் பார்க்கிறது. செரிமான நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது. இன்சுலினை இரத்தத்தில் கலக்கிறது.

இரத்தம் உடல் முழுவதும் ஓடுகிறது. அப்படியானால் ஒரு ஹார்மோன் தனக்குரிய உறுப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தால் ஊர் முழுக்கக் கேட்கிறது. ஆனால் யாருக்குரிய செய்தியோ அவர் மட்டுமே எழுந்து போகிறார். ஹார்மோனும் எல்லா உறுப்புகளையும் தொட்டுச் செல்கிறது. எந்த உயிரணுவில் அதற்கான ஏற்பி இருக்கிறதோ அது மட்டுமே பதில் அளிக்கிறது. சாவிக்கு ஏற்ற பூட்டு போன்றது இந்த ஏற்பி. சில நோய்களில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கும், ஏற்பிதான் சரியாகக் கேட்காது. இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கம் அத்தகையதே.

இந்த உண்மை தெரியவந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு நாயின் குடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அந்தக் குடலுக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் கணையம் தன் நீரைச் சுரந்தது. ஆக, செய்தி இரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய பொருட்களுக்குப் பொதுப்பெயராக ஹார்மோன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 'தூண்டிவிடுதல்' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது அது.

மேஸ்திரியும் இன்ஜினியரும்

மூளையின் அடியில், மூக்குக்குப் பின்புறமாக, எலும்பில் உள்ள ஒரு சிறு குழிக்குள் பிட்யூட்டரி அமர்ந்திருக்கிறது. பட்டாணி அளவுதான். எடை ஏறக்குறைய அரை கிராம். பள்ளிப் பாடநூல்கள் இதைத் 'தலைமைச் சுரப்பி' என்று சொல்லிக்கொடுக்கின்றன. அது பாதி உண்மை. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி ஆட்களை ஏவுவார். ஆனால் அவருக்கு மேலே இன்ஜினியர் இருப்பார். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ்தான் அந்த இன்ஜினியர். அது பிட்யூட்டரிக்கு உத்தரவு இடுகிறது. பிட்யூட்டரி தைராய்டையும் அட்ரினலையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் ஏவுகிறது.

இதில் முக்கியமான விஷயம், வேலை முடிந்ததா இல்லையா என்ற தகவல் கீழிருந்து மேலே திரும்பி வருவதுதான். தைராய்டு போதுமான ஹார்மோனைச் சுரந்துவிட்டால், இரத்தத்தில் ஏறிய அந்த அளவைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. தைராய்டு சோம்பினால் குரலை உயர்த்துகிறது. பிட்யூட்டரியின் அந்தக் குரல்தான் ஆய்வகச் சீட்டில் 'டி.எஸ்.எச்.' என்று அச்சிட்டு வருவது.

நம் வீடுகளில் பரவலாக உள்ள ஒரு தவறான புரிதலை இங்கே சொல்லியாக வேண்டும். சீட்டில் டி.எஸ்.எச். 12 என்று வந்தால், "தைராய்டு அதிகமாக இருக்கிறதாம்" என்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. தைராய்டு குறைவாகச் சுரப்பதால்தான் பிட்யூட்டரி சத்தம் போடுகிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் போனால் பொதுவாகச் சுரப்பு குறைவு என்றும், கீழே போனால் சுரப்பு மிகுதி என்றும் பொருள். கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

தைராய்டு

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல் இருக்கும் சுரப்பி இது. சுமார் 20 கிராம். உடலின் அடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது இதன் ஹார்மோன். குறைந்தால் உடல் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, மாதவிடாய்க் கோளாறு ஆகியவை தோன்றும். மிகுந்தால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல் ஆகியவை வரும்.

எடை கூடியவர்கள் எல்லோரும் தைராய்டின் மீது பழி போடுவது வழக்கமாகிவிட்டது. தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ அளவுதான். சுரப்பு சரியாக உள்ளவர் மெலிவதற்காகத் தைராய்டு மாத்திரையை விழுங்குவது இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு விளைவிக்கும்.

இந்தச் சுரப்பியின் மூலப்பொருள் அயோடின். தைராக்ஸின் என்ற ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் அளவுதான் வரும். அது கிடைக்காமல் போனால் தைராய்டு வீங்கி முன்கழுத்துக் கழலை உண்டாகிறது. இமயமலை அடிவாரத்தில் மழையும் வெள்ளமும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்றதால் ஊர் ஊராக இந்த நோய் இருந்தது. இந்திய அரசு 1962-இல் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்க்கும் வழியைக் கையாண்டது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006 முதல் தடை உள்ளது.

"நாம் கடற்கரை ஊர்க்காரர்கள், கடல் உப்பைத்தானே சாப்பிடுகிறோம், நமக்கு எதற்குத் தனியாக அயோடின்?" என்று தூத்துக்குடிப் பக்கம் கேட்பார்கள். கடல் மீனில் அயோடின் உண்டு. ஆனால் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் இயற்கையாகத் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். உப்பளத்தில் இருந்து நேராக வாங்கும் கல்லுப்பு தேவையைப் பூர்த்தி செய்யாது. இப்போது பலரும் விரும்பி வாங்கும் இந்துப்பும் பெரும்பாலும் அப்படியே. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. பொட்டலத்தைப் பார்த்து வாங்கலாம். வாங்கிய உப்பை அடுப்போரம் திறந்து வைக்காமல் மூடியுள்ள ஜாடியில் வைத்தால் அயோடின் வீணாகாது.

கருவில் உள்ள குழந்தைக்கு முதல் மூன்று மாதங்கள் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் ஹார்மோனைக் கொண்டுதான் அதன் மூளை வளர்கிறது. எனவே ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண் கருவுற்றது தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மருத்துவரிடம் சென்று அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேட்பது. "கர்ப்பத்தில் மாத்திரை எதற்கு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுத் தானாக நிறுத்திவிடுவது, இந்த ஒரு மாத்திரையைப் பொறுத்தவரை, பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும்.

சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ அது சரியாக அமையாமலோ பிறக்கின்றன. உலக அளவில் 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று இப்படி. இந்தியாவில் இதைவிடக் கூடுதல். இந்தக் குழந்தை பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். தாயின் ஹார்மோன் அதுவரை காத்திருக்கும். பிறகு மெல்ல மெல்ல அடையாளம் தெரியும்: மஞ்சள் காமாலை நீடிக்கும், மலம் இறுகும், நாக்கு தடித்திருக்கும், தொப்புள் பிதுங்கும், எந்நேரமும் தூங்கும். வீட்டிலோ "ரொம்ப சமத்துப் பிள்ளை, அழுவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த நாட்களில்தான் மூளை வளர்ச்சி பின்தங்கத் தொடங்குகிறது. பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தால் நோய் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளரும். சில மாதங்கள் தாமதித்தால் இழந்த அறிவுத்திறனை எந்த மருந்தும் முழுதாக மீட்டுத் தராது. பிரசவத்துக்குச் சேரும் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை செய்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். செய்யவில்லை என்றால் வெளி ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். பெயர் சூட்டும் நாளுக்கு முன்பே முடிவு கையில் இருப்பது நல்லது.

மாத்திரை எடுக்கும் முறை: வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ, காபி, உணவு எதுவும் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். அதனால்தான் அளவை மாற்றியபின் ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். முற்காலத்தில் இந்த மருந்தை விலங்குகளின், குறிப்பாகப் பன்றியின், உலர்ந்த தைராய்டில் இருந்து தயாரித்தார்கள். சில நாடுகளில் அது இன்றும் விற்கிறது. இங்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதித்தரும் லெவோதைராக்ஸின் ஆலையில் செயற்கையாகத் தயாராவது.

தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது, வேலை வேறு. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை இவை. உணவில் கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்தால் எலும்பைக் கரைத்தாவது இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். வெயிலே படாமல் வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு எலும்பு வலி வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

அட்ரினல்: நிறுத்தக் கூடாத மாத்திரை

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி போட்டது போல் அட்ரினல் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம். உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. இருட்டில் பாம்பைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் உள்ளங்கை வியர்ப்பதும் இதனால்தான். சில நிமிடங்களில் அது அடங்கிவிடும். வெளிப்பகுதி சுரக்கும் கார்டிசால் அதைவிட முக்கியமானது. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை என்று உடலுக்கு எந்தச் சோதனை வந்தாலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதுவே.

ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய்களுக்கு மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்டிசாலின் உறவினர்கள். சரியான நோய்க்குச் சரியான காலம் கொடுத்தால் உயிர் காப்பவை. ஆனால் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், "வெளியிலிருந்தே வருகிறதே" என்று பிட்யூட்டரி அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ஏவல் இல்லாத அட்ரினல் சுருங்கிப் போகிறது. அந்த நேரத்தில் நோய் குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினால், உள்ளேயும் சுரப்பில்லை, வெளியிலிருந்தும் வரவில்லை. வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம், சில வேளை மரணம். அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மிகக் குறைந்த அளவு. அதை இந்த மாத்திரையோடு சேர்த்துப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதையும் நாமாக நிறுத்தக் கூடாது என்பது தனி விஷயம்.

பெயரும் இல்லாமல், சீட்டும் இல்லாமல் மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பொட்டலம் கட்டித் தரும் பொடிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி நன்றாக எடுக்கும், முகம் பூரித்துவிடும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் நடப்பது இதுவே. முகம் நிலவு போல் வட்டமாவதும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுவதும், லேசாக இடித்தாலே இரத்தம் கட்டுவதும் கண்டால் உடனே மருத்துவரிடம் பொடியோடு போங்கள். பயந்து அதைக் குப்பையில் வீசிவிட்டு வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

கணையமும் இன்சுலினும்

இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் ஐந்து கிராம். ஒரு டீஸ்பூன். பிரியாணி சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் அந்த ஒரு டீஸ்பூன் பெரிதாகக் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது கணையத்தில் தீவுத் தீவாக உள்ள சிறு உயிரணுக் கூட்டங்கள். ஏறினால் இன்சுலின் வந்து சர்க்கரையைத் தசைக்கும் கல்லீரலுக்கும் தள்ளுகிறது. இறங்கினால் குளுக்ககான் வந்து கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிடுகிறது.

1921-இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்தில் இருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதலில் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைக் கடும் பட்டினியில் வைத்துச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பிள்ளைகள் திடீரென்று அதிகத் தண்ணீர் குடித்து, விட்டுப்போன பழக்கமாக மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழித்து, உடல் மெலிந்தால் இன்றும் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். இவர்களுக்கு இன்சுலினை நிறுத்தி வேறு வைத்தியம் பார்ப்பது சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும்.

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிற்றில் செரித்துப் போகும். ஆகவேதான் ஊசி. "ஒரு முறை போட்டால் நிறுத்தவே முடியாது" என்பது முதல் வகைக்கு மட்டுமே உண்மை. இரண்டாம் வகையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், தொற்று நோய்க் காலங்களில் தற்காலிகமாகப் போட்டுவிட்டு மாத்திரைக்குத் திரும்புபவர்கள் பலர். பன்றிக் கணையத்தில் இருந்து எடுக்கிறார்களே என்ற தயக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்தில் இருந்துதான் எடுத்தார்கள். 1982 முதல் மரபணு முறையில் பாக்டீரியா, ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு மனித இன்சுலின் தயாராகிறது. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. ஐயம் இருந்தால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துத் தெளிவு பெறலாம்.

பெண்களின் ஹார்மோன்கள்

இது தனிக் கட்டுரைக்குரியது. இரண்டு செய்திகள் மட்டும். மாதவிடாய் தள்ளிப்போதல், முகத்தில் முடி, பரு என்று இளம்பெண்களிடம் அதிகம் காணும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறில் இன்சுலினுக்கும் பெரும் பங்கு உண்டு. எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. இதைக் குழந்தையின்மை என்று முடிவுகட்டி நிக்காஹ் பேச்சில் ஒரு குறையாக வைப்பது அறியாமை.

மற்றொன்று அதிகம் பேசப்படாதது. பிரசவத்தில் பெருமளவு இரத்தப்போக்கு ஏற்பட்டால், கர்ப்பக் காலத்தில் பெரிதாகியிருக்கும் பிட்யூட்டரிக்கு இரத்தம் போதாமல் அது சேதமடையலாம். அந்தத் தாய்க்குப் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்பாது. ஆண்டுக்கணக்கில் சோர்வாகவே இருப்பார். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். மேஸ்திரி விழுந்துவிட்டதால் தைராய்டும் அட்ரினலும் ஏவல் இன்றிக் கிடக்கின்றன. குறையும் ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுத்தால் அவர் எழுந்து நடமாடிவிடுவார். இங்கே டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் சரியாக இருப்பது போல் தோன்றி ஏமாற்றும் என்பதால், பிரசவத்தில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்த செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோன்பு நேரத்தில்

ஸஹருக்குப் பின் முதல் நான்கைந்து மணி நேரம் உண்ட உணவே உடலை ஓட்டுகிறது. இன்சுலின் பணியில் இருக்கிறது. பிறகு இன்சுலின் தாழ்ந்து குளுக்ககான் கல்லீரலின் சேமிப்பை எடுத்துத் தருகிறது. அஸர் நெருங்கும்போது அதுவும் குறைந்து கொழுப்பு எரியத் தொடங்குகிறது. சுரப்பிகள் சரியாக உள்ளவருக்கு இந்த மாற்றம் தானாக நடக்கும்.

இன்சுலின் போடுபவருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் அப்படியல்ல. சர்க்கரை இறங்கினாலும் மருந்து தன் வேலையை நிறுத்தாது. ஆகவே ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் சென்று அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், இன்சுலின் எடுக்கும் கர்ப்பிணிகள், சிறுநீரகம் பாதித்தவர்கள், அண்மையில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள் ஆகியோரை நோன்பு வைக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இவர்களுக்கானதே. அட்ரினல் சுரப்பு இல்லாமல் தினமும் ஸ்டீராய்டு மாத்திரையால் வாழ்பவர்களும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ எடுக்கலாம்.

விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. எனவே நோன்பு வைக்கும் நீரிழிவுக்காரர் நண்பகலிலும் மாலையிலும் சோதித்துப் பார்க்கட்டும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். திடீர் வியர்வை, நடுக்கம், கண் மங்கல், பேச்சில் தடுமாற்றம் வந்தால் கருவி கையில் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. "பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம்தானே" என்று பொறுத்திருந்து நினைவிழந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டி வரும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.